ஒரு கிரெடிட் பேப்பர்

பெங்களூரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த செமஸ்டரில் என்னென்ன பாடம் என்று கேட்டுப் பாருங்கள். கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், எலக்ட்ரானிக்ஸ் என்று மளமளவென்று சொல்லிவிட்டு, “அப்புறம் ஒண்ணு ரெண்டு ஒரு கிரெடிட் பேப்பர் இருக்கு” என்று முடிப்பார்கள். என்ன பேப்பர் என்று துருவினால் சற்று யோசித்துத்தான் பெயர் வரும். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் அந்த இடத்தில் வைத்திருக்கும் பாடங்களைப் பாருங்கள்: இந்திய அரசமைப்புச் சட்டம், சுற்றுச்சூழல், மனித விழுமியங்கள், கன்னடம். கன்னடம் தெரிந்தவர்களுக்கு ‘சாம்ஸ்கிருதிக கன்னட’. தெரியாத நம் பிள்ளைகளுக்கு ‘பளகெ கன்னட’, அதாவது புழக்கத்துக்கான கன்னடம்.

பரீட்சையும் அதற்குத் தகுந்தாற்போல்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். சீனியர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் பி.டி.எஃப். ஒன்றே போதும். அக்கா மகன் பளகெ கன்னடத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். “ஆட்டோக்காரர்கிட்ட எப்படிப் பேசுற?” என்று கேட்டேன். “இந்தியிலதான் மாமா” என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கு என்றார்கள், கறுப்பாக்கினான்.

இந்தப் பாடங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு வந்தால் நான் வேண்டும் என்கிற கட்சி. ஆனால் அந்தக் கட்சியில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்கு அலுத்துவிட்டன. முழு மனிதனை உருவாக்கும், பண்பை வளர்க்கும் என்பதெல்லாம் பட்டமளிப்பு விழாவுக்குச் சரி. பாடம் வைத்தால் பண்பு வந்துவிடாது என்பதற்கு பெங்களூரே சாட்சி.

சுற்றுச்சூழல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெரிய பூர்வீகம் உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது. சொன்னது நடக்கவில்லை. 2003-இல் நீதிமன்றம் மறுபடியும் அதட்டிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடம் எல்லாக் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பி.காம். ஆனாலும் சரி, பி.இ. ஆனாலும் சரி, அதில் தேறாமல் பட்டம் இல்லை.

இனி பெல்லந்தூர். சுமார் 900 ஏக்கர் ஏரி. சுற்றிலும் கண்ணாடி வைத்த மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும். 2015-இல் அந்த ஏரியின் நுரை தீப்பிடித்தது. 2017-இல் ஏரியில் மறுபடியும் தீ. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் வர வேண்டியிருந்தது. தண்ணீர் எரிகிறது என்று உலகமெங்கும் செய்தி. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் இருந்து செல்பேசியில் படமெடுத்தவர்களில் பாதிப் பேராவது சுற்றுச்சூழல் பேப்பரில் பாஸானவர்களாக இருந்திருப்பார்கள். அந்த நுரையில் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினின் பங்கும் இருந்தது.

பொதுப் பாடம் வெறும் சடங்கு என்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எனக்கோ இதே ஏரி எதிர்ப்பக்கம் பேசுகிறது. ஏன் நுரைத்தது என்று கேட்டால் வேதியியல் படித்தவர் பாதி சொல்வார்: சலவைத்தூளில் உள்ள நுரைக்கும் பொருள்கள் சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்து ஏரியின் அடிச்சேற்றில் சேர்கின்றன, மழை பெய்து சேறு கலங்கி, மதகில் தண்ணீர் விழுந்து அடிபடும்போது நுரை மலைபோல் எழுகிறது. ஏன் சுத்திகரிக்கவில்லை என்றால் சிவில் எஞ்சினியரிடம் போக வேண்டும். ராஜகாலுவெ என்கிற மழைநீர் வாய்க்கால்களில் சாக்கடை எப்படி வந்தது என்றால் நகராட்சி வரலாறும் மனைப்பட்டா சமாச்சாரமும் தெரிய வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் ஏரியைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களை மூடச் சொன்னதே, ஏன் நகரத்தைச் சொல்லவில்லை என்றால் சட்டமும் தெரிய வேண்டும், கொஞ்சம் அரசியலும் தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்கு இன்ன டிபார்ட்மெண்ட் என்று ஒதுக்க முடியாது. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்தோம் என்று நிரூபிக்க முடிகிற ஊரில்தான் ஏரி எரிகிறது.

பெல்லந்தூரோடு கதை முடிவதும் இல்லை. அந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தட்சிண பினாகினியில் சேர்ந்து, எல்லை தாண்டியதும் நம் தென்பெண்ணை ஆகிறது. பெங்களூரில் நல்ல மழை பெய்தால் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கித் தரைப்பாலத்தை மூடுகிற படம் நம் தினசரிகளில் வரும். அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சும் விவசாயி எந்தக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் பேப்பர் எழுதியவரில்லை. அவருக்கு அது பேப்பர் இல்லை.

ஆக, ஒரு படிப்புக்குள் அடங்காத கேள்வி என்று ஒன்று இருக்கிறது என்ற உணர்வு, அதைக் கேட்க யாரைக் கூப்பிட வேண்டும் என்ற அறிவு: பொதுப் பாடம் ஒரு பொறியாளருக்கு இந்த இரண்டைக் கொடுத்தாலே போதும். அதற்குமேல் பெரிய பண்பாட்டு லாபம் எதையும் நான் கேட்கவில்லை. இந்தச் சின்ன லாபம்கூட ஏன் கைக்கு வரவில்லை?

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றோடு இதைப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் பொறியியல் முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. அவையும் ஒரு கிரெடிட்தான். இரண்டாவதில் சோழர் காலக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரிக்கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் கல்தூண்களுக்கு நடுவே அமைத்த மடை அது. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல்துளையைத் திறந்தால் தண்ணீர் குமிழியிட்டுச் சுழன்று இறங்கும். அந்த இழுப்பில் அடிச்சேறு சின்னத் துளைகள் வழியாகத் தண்ணீரோடு கலந்து வயலுக்குப் போகும். ஏரி தூர்வதும் குறையும், நிலத்துக்கு வண்டலும் ஆயிற்று. திறக்கவும் மூடவும் ஒரு மனிதர் மூச்சடக்கி முங்க வேண்டும்.

பெல்லந்தூரின் வியாதி என்ன? அடிச்சேறு. ஏரியின் அடியில் சேறு தங்கக் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன் கவலைப்பட்டவர்களின் கருவி பாடத்தில் இருக்கிறது. அதே மாணவன் அதே கட்டடத்தில் ஹைட்ராலிக்ஸ் படிக்கிறான். ஆனால் இந்த வகுப்பிலிருந்து அந்த வகுப்புக்குத் தூம்பு போவதில்லை. இங்கே அது பெருமைக்குரிய இரண்டு மார்க் கேள்வி. அங்கே நீரோட்டம் ஒரு சமன்பாடு. துளையின் விட்டம் இவ்வளவு, மேலே நிற்கும் தண்ணீர் இவ்வளவு, என்ன வேகத்தில் சேறு இழுபடும் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டினால் தமிழர் மரபும் கணக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும். போட்டுக் காட்ட வேண்டியவர் ஹைட்ராலிக்ஸ் வாத்தியார். அவருக்கு அந்தப் பீரியட் ஒதுக்கப்படவில்லை.

என் புகார் இங்கேதான். பொதுப் பாடத்தை மாணவர்கள் மதிப்பதில்லை என்று கல்லூரிகள் அழுகின்றன. மாணவன் முட்டாளில்லை; வந்த முதல் வாரமே டைம்டேபிளைப் படித்துவிடுகிறான். மெயின் பேப்பர் காலை முதல் பீரியட், டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர். ஒரு கிரெடிட் பேப்பர் சாப்பாட்டுக்குப் பிந்திய கடைசிப் பீரியட். எடுப்பவர் யாருக்கு ‘ஒர்க்லோட்’ குறைகிறதோ அவர். நான் கேள்விப்பட்ட ஒரு கல்லூரியில் அரசமைப்புச் சட்டத்தை மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டின் புதிய ஆசிரியை எடுத்தார், புத்தகத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். பாவம், அவருக்கும் அது தண்டனைதான். இண்டர்னல் வந்தால் அந்தப் பீரியட்டைத்தான் மெயின் பேப்பர்காரர்கள் கடன் கேட்பார்கள், திருப்பித் தரமாட்டார்கள். கல்லூரியே நம்பாத பாடத்தைப் பதினெட்டு வயதுப் பையன் எதற்கு நம்ப வேண்டும்?

கட்டாயம் என்பதுதான் தவறு, விருப்பப் பாடமாக வைத்துவிடலாமே என்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் ராமானுஜன் இருக்கிறார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லாமல், தோற்று, உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை, உடலியல் பாடம் அவரைக் கவிழ்த்தது. இதை லேசாகத் தட்டிவிட முடியாது. ஒவ்வொரு பொதுப் பாடமும் ஒரு சுங்கச்சாவடியாக நின்று, கட்டணம் கட்டாதவனை ஊருக்குள் விடாது என்றால், ஊருக்கு வரவேண்டிய சிலர் வெளியே நின்றுவிடுவார்கள். ஆனால் அவரைக் கவிழ்த்தது தோற்கடித்து வெளியே அனுப்பிய பரீட்சை முறை. உடலியலை நல்லவர் ஒருவர் நடத்த, பாஸ் பெயில் பயமில்லாமல் ராமானுஜன் கேட்டுக்கொண்டிருந்தால் கணிதத்துக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது. நாம் செய்ததோ தலைகீழ்: பரீட்சையை வைத்துக்கொண்டு நடத்துவதை விட்டுவிட்டோம். இப்போது அது யாரையும் தோற்கடிப்பதும் இல்லை, யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரில் மிக நல்ல உதாரணம் ஒன்று உண்டு. பசவனகுடி நேஷனல் கல்லூரியில் முதல்வராக இருந்த எச். நரசிம்மய்யா. ஊர்க்காரர்களுக்கு எச்சென். கௌரிபிதனூர்ப் பக்கத்து ஓசூரில் (நம் ஓசூர் அல்ல) ஏழை வீட்டில் பிறந்து, அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்து, கடைசிவரை கல்லூரி விடுதி அறையில் வேட்டி ஜிப்பாவோடு தனியாக வாழ்ந்து 2005-இல் மறைந்தவர். 1962-இல் பெங்களூர் சயன்ஸ் ஃபோரம் தொடங்கினார். வாரந்தோறும் ஓர் அறிவியல் சொற்பொழிவு. பெரிய விஞ்ஞானிகள் வந்து பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், காசில்லை. கலைகளுக்கென்று தனியாக ஒரு பரிஷத்தும் வைத்தார். பேப்பர் இல்லை, கிரெடிட் இல்லை, ஓஎம்ஆர் இல்லை. பொதுக் கல்வி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும்.

எனக்கும் வரும். ஆனால் அந்த மண்டபத்துக்கு வருபவர் யார்? ஏற்கெனவே ஆர்வம் தொற்றியவர். தனக்குத் தெரியாதது இருக்கிறது என்று தெரிந்தவர். அந்தத் தெரிதல்கூட இல்லாத பையனை அங்கே உட்கார வைப்பதற்குத்தான் கட்டாயம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. பதினேழு வயதில் நாம் எடுக்கிற ‘விருப்பம்’ எவ்வளவு நம்முடையது? சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், உறவுக்காரப் பையன் ஒருவன் தன் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான் என்பார்கள். கையில் கிடைத்தது வேறு புத்தகமாக இருந்தால் வேறு ஆள். அதே ராதாகிருஷ்ணன் 1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானபோது, மிதமிஞ்சிய தனிப்படிப்பைச் சரிசெய்யப் பொதுக் கல்வியைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியது அந்தக் குழு. நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர், அவரோ மருத்துவர். அறிக்கை வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது.

கர்நாடகம் இதில் அண்மையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 2021-இல் தேசியக் கல்விக் கொள்கையை நாட்டிலேயே முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் தாங்கள்தான் என்று அன்றைய அரசு சொன்னது. நான்கு வருடப் பட்டம், திறந்த விருப்பப் பாடங்கள், டிஜிட்டல் ஃப்ளூயன்சி, யோகா, உடல்நலம், அரசமைப்பு என்று பட்டியல் நீண்டது. கன்னடத்தைக் கட்டாயமாக்கிய உத்தரவு உயர் நீதிமன்றம் வரை போய், இடைக்காலத் தடை வாங்கியது. 2023-இல் ஆட்சி மாறியது. சுகதேவ் தோரட் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைந்தது. அதன் இடைக்கால அறிக்கையை வைத்து 2024-25 முதல் மூன்று வருடப் பட்டத்துக்கே திரும்பினார்கள். இடையில் சேர்ந்த மூன்று செட் பிள்ளைகள் ஒரு திட்டத்தில் உள்ளே போய், ஜூனியர்கள் வேறு திட்டத்தில் வருவதைப் பார்த்தார்கள்.

திரும்பியதற்குச் சொன்ன காரணத்தை நான் அவ்வளவு எளிதில் தள்ளமாட்டேன். கோலாரிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ வரும் முதல் தலைமுறை மாணவிக்கு நான்காவது வருடம் என்பது வீட்டின்மேல் விழும் செலவு. கல்யாணப் பேச்சை இன்னொரு வருடம் தள்ளிப்போட வேண்டிய போராட்டம். சரி. ஆனால் வருடத்தைக் குறைக்கும்போது பொதுப் பாடத்தைத்தான் முதலில் கத்தரிக்கத் தோன்றுகிறது என்றால், அங்கே நான் நிறுத்திக் கேட்பேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நீதிமன்றம், ஓவியம், வெளிநாட்டு அரசியல் எல்லாம் சாப்பாட்டு மேசையில் ஓசியில் கிடைக்கும். இந்த மாணவிக்குக் கல்லூரியை விட்டால் வேறு இடமில்லை. அவளுக்கு வேலைக்கான பாடம் மட்டும் போதும் என்று நாம் சொல்வது இரக்கம் மாதிரி இருக்கிறது. இரக்கம்தானா என்று எனக்குச் சந்தேகம்.

வேலை என்ற வாதத்துக்கும் பெங்களூரில் அவ்வளவு பலம் கிடையாது. இந்த ஊரின் மென்பொருள் கம்பெனிகள் சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் என்று பார்க்காமல் கூட்டங்கூட்டமாக ஆள் எடுத்தன. இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு ஊர் அளவுக்குப் பயிற்சி வளாகமே கட்டியது. சில மாதம் உட்கார வைத்துத் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். நான்கு வருட மெயின் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கியது. பாலங்கட்டப் படித்தவர் வங்கி மென்பொருள் எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். அப்படியிருக்க, அரசமைப்புக்குக் கொடுக்கும் வாரம் ஓரிரு மணிநேரம் மட்டும் வேலைவாய்ப்பைக் கெடுத்துவிடும் என்பது வேடிக்கை.

நன்றாக நடக்கும் இடங்களும் இதே ஊரில் உண்டு. 1909-இல் தொடங்கி நூறு வருடம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் மேற்படிப்புக்குமே இருந்த இந்திய அறிவியல் நிறுவனம், 2011-இல் இளநிலைப் படிப்பு ஆரம்பித்தபோது எல்லாரும் முதல் மூன்று செமஸ்டர் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் படிக்க வேண்டும், கூடவே பொறியியலும் மனிதவியலும் என்று வைத்தது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2015-இல் இளநிலை தொடங்கியபோது எந்தப் பாடம் எடுத்தாலும் எல்லாருக்கும் பொதுவான ஒரு பகுதியை உள்ளே வைத்தது. வசதியுள்ள, வடிகட்டி ஆள் எடுக்கும் இடங்கள்தான்; அறிவியல் நிறுவனத்தில் தொடக்கத்தில் வருடத்துக்குச் சுமார் 120 பேர். ஆனால் அங்கே நான் கவனிப்பது பாடப் பட்டியலையோ பணத்தையோ அல்ல. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பேராசிரியரே முதலாண்டுக்காரர்கள் முன் சாக்பீஸோடு நிற்கிறார். இதை மற்றக் கல்லூரிகள் செய்யக் கோடி ரூபாய் தேவையில்லை; டைம்டேபிள் போடுபவருக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவை.

பொறியியல் கல்லூரி முதல்வர் யாராவது கேட்டால் ஒரே ஒரு யோசனை சொல்வேன். முதலாண்டுப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பெல்லந்தூர் மதகிலிருந்து வர்த்தூர் வழியாகக் கெலவரப்பள்ளிக்குக் கூட்டிப்போகச் சொல்வேன். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அணைக்குப் போய்விடலாம். வர்த்தூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் தூம்பு திறந்து தண்ணீர் விட்ட நீருகண்டிக் குடும்பத்துப் பெரியவர் யாராவது இருந்தால் பேச வேண்டும். அங்கே பளகெ கன்னடம் வாயிலிருந்து வந்தாக வேண்டும். அணைக்கரையில் விவசாயியிடம் பேச நம் பிள்ளைகள் மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கட்டும். நுரையை பாட்டிலில் பிடித்து வந்து கெமிஸ்ட்ரி லேபில் பார்க்கட்டும். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் போட்ட ஒப்பந்தத்தில் இந்த ஆறும் இருக்கிறது. தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனதும் இந்த ஆற்றுக்காகத்தான். அரசமைப்பின் 262ஆம் பிரிவை அங்கே கரையில் நின்று படிக்கலாம். கூடப் போக வேண்டியவர்கள் ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர், வேதியியல் பேராசிரியர், கன்னட ஆசிரியர் மூவரும். சனிக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை, மெயின் பேப்பர் பீரியட்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திருப்பித் தர வேண்டியதில்லை.